கலியாண வீட்டுப் பாட்டு கடல் கடந்த கதை



இந்த மாதம் வேறொரு விடயம் எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்கிடையில், லண்டனில் இருக்கும் மகளிடம் ஆறு வாரம் தங்கிவிட்டு வந்த ஒரு ராத்தா வீட்டுக்கு வந்திருந்தார். கொண்டுவந்த சொக்லட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தேநீர் ஆறுவதற்குள் அவர் கேட்ட கேள்வி ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

மகள் அங்கே ஒரு காரியாலயத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு சனிக்கிழமை மாலை, "உம்மா, நான் ராவைக்குக் கூட்டாளிமாரோட பாட்டுக் கேக்கப் போறன். நீங்களும் வாங்களேன், ஒரு தரம் பாருங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறாள். "எனக்கு அங்க என்னா வேல மகள்?" என்று இவர் மறுத்திருக்கிறார். ஆனால் மகள் போகும் இடம் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. கம்பளிச் சட்டைக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டுவிட்டார். புத்திசாலி உம்மா!

பழைய பண்டகசாலை போன்ற ஒரு மண்டபமாம். வாசலில் பையைச் சோதித்துக் கையில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். உள்ளே கதிரை கிடையாது, எல்லோரும் நின்றபடிதான். முதலில் ஒரு பெண்பிள்ளை மேடைக்கு வந்து, மேசை நிறைய வயர்களையும் சின்னச் சின்னப் பெட்டிகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் முக்கால் மணித்தியாலம் எதையோ திருகிக்கொண்டிருந்தாளாம். "பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல. ரேடியோ திருத்துறாளாக்கும்னு நினைச்சன்" என்று ராத்தா சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து இரண்டு பையன்கள். அவர்களும் அப்படித்தான், ஆனால் நெஞ்சு அதிரும் அடி. பதினொரு மணிக்கு மேல்தான் ஓர் அரபுப் பையன் ஒரே ஒரு கீபோர்டோடு வந்திருக்கிறான்.

அவன் கை வைத்ததும் மண்டபமே மாறிவிட்டதாம். அதுவரை தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையைக் கோத்து வரிசையாக நின்று காலால் தரையை மிதிக்கத் தொடங்கினார்கள். எங்கோ ஒரு மூலையிலிருந்து பெண்கள் நாக்கை அசைத்துக் குரல் எழுப்பினார்கள். "எங்கட ஊர்ல மாப்பிள்ள வந்திறங்கக்குள்ள குரவ போடுவோமே, அதேதான்!" என்கிறார் கிழக்கிலே பிறந்த ராத்தா. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அது என்னா, பாட்டுக் கச்சேரியா, கலியாண வீடா? எங்கட குரவ அங்க எப்படிப் போய்ச் சேந்திச்சி?"

இசை கூடுமா கூடாதா என்ற மார்க்கச் சர்ச்சை இந்தப் பத்திக்குள் வராது, அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ராத்தாவின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டிகளைப் பற்றி. கம்பியைத் தட்டியோ தோலை அடித்தோ குழலை ஊதியோ அல்லாமல், மின்சாரத்திலிருந்தே ஓசையை உண்டாக்கும் கருவிகளால் ஆன இசை இது. இலத்திரனியல் இசை என்பார்கள். 1970 இல் ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் தொடங்கிய 'கிராஃப்ட்வேர்க்' குழுவினர்தான், நான்கு பேர் வரிசையாக இயந்திரங்களின் பின்னால் அசையாமல் நிற்பதையே ஒரு மேடைக் காட்சியாக்கிப் பெயர் பெற்றவர்கள். 1980 இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பனி டி.ஆர். 808 என்ற தாளப்பெட்டியை விற்பனைக்கு விட்டது. நிஜ மேளம் போல ஒலிக்கவில்லை என்று பலர் அதைக் குறை சொன்னார்கள். ஏறக்குறைய 12,000 பெட்டிகளோடு 1983 இல் உற்பத்தி நின்றுபோனது. பழைய சாமான் கடைகளில் அது மலிவாகக் கிடைத்தபோது வாங்கியவர்களில் அமெரிக்காவின் டெட்ரொயிட், சிகாகோ நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் பலர். இன்று உலகம் முழுவதும் ஆடுகிற இந்த இசை அவர்கள் கையில்தான் உருப்பெற்றது. காசுள்ளவன் வேண்டாம் என்று ஒதுக்கியதிலிருந்து காசில்லாதவன் ஆக்கியது.

நமது பக்கத்திலும் ஒருவர் இருந்தார். பம்பாயில் ஹிந்திப் படங்களுக்குக் கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங், அதே ரோலண்ட் பெட்டிகளைக் கொண்டு 1982 இல் பத்து இராகங்களை நடனத் தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது எவரும் அதைச் சட்டை செய்யவில்லை. 2010 இல் ஐரோப்பாவில் அது மறுபடி வெளிவந்தபோது, எழுபது வயது தாண்டிய மனிதரைத் தேடிப்பிடித்து மேடை ஏற்றினார்கள். 2015 இல் காலமானார்.

இந்த இரவுகளில் இரண்டு வகையினர் மேடைக்கு வருவார்கள். பிறருடைய இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட விடுபவர் 'டீஜே'. தன் கருவிகளைக் கொண்டு அந்த இடத்திலேயே, சனங்களின் முகத்தைப் பார்த்து, தாளத்தை ஏற்றியும் இறக்கியும் வாசிப்பவர் நேரடிக் கலைஞர். ராத்தா கண்ட மூன்று தரப்பாரும் இரண்டாவது வகை. அந்தப் பெண்பிள்ளை ரேடியோ திருத்தவில்லை, நாம் கறிக்கு உப்புப் பார்ப்பது போல ஒவ்வொரு ஓசையாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிரித்தானியாவில் 1988 அளவில் இந்த ஆட்டம் வயல்வெளிகளுக்கும் பரவி, ஆயிரக்கணக்கானோர் விடிய விடியக் கூடியபோது அரசாங்கம் மிரண்டுபோனது. 1994 இல் கொண்டுவந்த சட்டமொன்றில், திறந்தவெளியில் இரவு நேரத்தில் நூறு பேருக்கு மேல் கூடி இத்தகைய இசை கேட்டால் பொலிஸார் கலைக்கலாம் என்றார்கள். எத்தகைய இசை என்று சட்டத்தில் எழுத வேண்டுமே! திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைக் கொண்ட ஓசை என்று எழுதி வைத்தார்கள். ஒலிபெருக்கி வைத்து அடித்தால் நமது றபானும் அதற்குள் அகப்படும்.

ராத்தாவுக்கு மறுநாள் பகல் வரை காதுக்குள் 'ங்ஙொய்' என்று இரைந்துகொண்டிருந்ததாம். இதை மட்டும் இலேசாக விடக்கூடாது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணித்தியாலத்தோடு ஆபத்தின் எல்லைக்கு வந்துவிடும் என்பது தொழிற்சுகாதாரக் கணக்கு. மூன்று டெசிபல் ஏறினால் சத்தத்தின் வலு இரட்டிப்பாகிறது. உள்காதிலுள்ள மெல்லிய மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. இப்படிப்பட்ட மண்டபங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, காதடைப்பான் கிடைக்க வேண்டும், சற்று விலகி இருக்க அமைதியான இடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வழிகாட்டல் வெளியிட்டது. அந்தக் காதடைப்பான் சின்னச் சாமான், விலையும் அதிகமில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்காமல் பின்னால் நின்றாலே பாதித் தொல்லை குறையும். நமது ஊர்க் கலியாண மண்டபத்தில் கைக்குழந்தையை ஸ்பீக்கரின் கீழே தொட்டிலில் கிடத்தும் தாய்மாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மண்டபங்களில் பெரும்பாலும் மது விற்கிறார்கள். போதை மாத்திரை கை மாறுவதும் உண்டு, அதனால் உயிரிழந்த பிள்ளைகளும் உண்டு. மகள் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள் என்றால் அவள் ஒளிப்பதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படி அல்ல.

இனிக் குரவைக்கு வருவோம். ராத்தா சொன்ன அந்தக் கோத்த கை வரிசைக்கு 'தப்கா' என்று பெயர். சிரியா, லெபனான், பலஸ்தீன், ஜோர்தான், ஈராக் பக்கத்துக் கலியாண வீடுகளின் ஆட்டம் அது. வரிசையின் முனையில் நிற்பவர் கையில் லேஞ்சியையோ மணிக் கோவையையோ சுழற்றிக்கொண்டு வழிநடத்துவார். பெண்கள் எழுப்பும் குரலை அரபியில் 'ஸகாரீத்' என்பார்கள். நமது கிழக்கிலங்கைக் குரவைக்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் சந்தோசத்தில் பெண்கள் எழுப்பும் குரல், ராத்தாவின் காது அதைக் கண்டுகொண்டது, அவ்வளவுதான்.

இந்தக் கலியாண ஆட்டத்தை ஐரோப்பிய மண்டபங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முதலிடம் உமர் சுலைமான் என்பவருக்கு. வடகிழக்குச் சிரியாவில் துருக்கி எல்லையை ஒட்டிய ராஸ் அல்-ஐன் பகுதியில் 1966 இல் பிறந்தவர். கலியாண வீடுகளில் பாடுவதை 1994 இல் தொழிலாக எடுத்தார். அரபிகள், குர்திகள், அசீரியக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் கலந்து வாழும் பகுதி அது. எல்லோருடைய கலியாணத்திலும் அவர் பாடினார். சிவப்புக் கட்டமிட்ட தலைத்துண்டு, நீண்ட அங்கி, கறுப்புக் கண்ணாடி, இதுதான் அவருடைய கோலம்.

ஒரு காலத்தில் அந்தக் கலியாணங்களில் இரட்டைக் குழலான மிஜ்விஸ், புஸுக் என்னும் தந்திக் கருவி, பெரிய மேளம் எல்லாம் முழங்கும். பிறகு ஒரு கீபோர்ட் வந்து எல்லாவற்றின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஒரு குழுவைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, கூலி கொடுப்பதை விட ஒருவருக்குக் கொடுப்பது இலகு அல்லவா? ஏழை வீட்டுக் கலியாணத்தின் கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஆனால் மேற்கத்தியக் கீபோர்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஓர் எட்டுச் சுரத் தொகுதிக்கு அதில் பன்னிரண்டு கட்டைகள்தான். அரபுப் பாட்டுக்கு உயிர் கொடுக்கும் சில சுரங்களோ அந்தக் கறுப்புக் கட்டைக்கும் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் கிடக்கின்றன. உம்மு குல்தூமின் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த நடுச் சுரத்தில் அவர் குரல் வந்து நிற்கும்போதுதான் நெஞ்சு இளகும். கீபோர்ட் கம்பனிகள் பிற்காலத்தில் அரபு நாடுகளுக்கென்று தனியாக, பொத்தானை அழுத்தினால் சுரத்தைக் கால்வாசி இறக்கிக்கொள்ளும் வசதியோடு கருவிகளைச் செய்து விற்றன. உமர் சுலைமானோடு பல வருடம் வாசித்த ரிஸான் ஸயீத் அப்படிப்பட்ட கருவியில் மிஜ்விஸின் கீச்சொலியை மின்னல் வேகத்தில் கொண்டுவருவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாலைந்து பேர் வாசிப்பதாகத் தோன்றும்.

பாட்டு முன்கூட்டியே எழுதிவைத்ததும் அல்ல. மஹ்மூத் ஹர்பி என்ற கவிஞர் பாடகரின் பக்கத்திலேயே நின்று, அந்த வீட்டாருக்கும் வந்திருப்பவர்களுக்கும் ஏற்ற அடிகளைக் காதோடு சொல்வார். அதை வாங்கி உமர் பாடுவார். இன்னாருடைய மகன், இன்ன குடும்பம் என்று பெயர் சொல்லிப் பாடும்போது அந்த வீட்டாருக்குத் தலை நிமிரும். நமது கலியாண வீடுகளில் மாப்பிள்ளையின் பெயரை வைத்து வாழ்த்துப்பா பாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள் அல்லவா, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அன்றிரவு பாடியதைக் கஸெட்டில் பதிந்து மணமக்களுக்குக் கொடுப்பார்கள். அதன் பிரதி பிறகு சந்தைக் கடைகளில் விலைக்கு வரும். இவ்வாறு நூற்றுக்கணக்கான கஸெட்டுகள் வெளியாகின. அந்தக் கஸெட்டை வாங்கிய டமஸ்கஸ் பஸ் சாரதி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கலியாணத்தைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியிருப்பார்.

அப்படியான கஸெட்டுகள் 1990களின் பிற்பகுதியில் டமஸ்கஸ் கடைகளில் மார்க் கெர்கிஸ் என்பவர் கையில் அகப்பட்டன. ஈராக்கிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க இசைக்கலைஞர் அவர். பொறுக்கியெடுத்த பாட்டுகளை 2007 இல் அமெரிக்காவில் ஒரு தொகுப்பாக வெளியிட வழி செய்தார். அதன் பிறகு உமர் சுலைமானுக்கு ஐரோப்பாவிலிருந்து அழைப்புகள் வந்தன. 2011 இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா மேடையில் பாடினார். கலியாண வீட்டில் கிழவரும் பிள்ளைகளும் சூழ நின்று பாடியவர், சேற்று மைதானத்தில், தன் பாஷையில் ஒரு சொல்லும் புரியாத சனத்தின் முன்னால் நின்றார். அவர் மேடையில் துள்ளுவதில்லை. மெதுவாக அங்கும் இங்கும் நடந்து, கையைத் தட்டி, "யல்லா" என்பார். வீட்டுக்காரர் விருந்தாளிகளை உபசரிக்கிற தோரணைதான்.

அதே 2011 இல்தான் சிரியாவில் நெருப்புப் பற்றியது. உமர் சுலைமான் குடும்பத்தோடு எல்லையைக் கடந்து துருக்கிக்குப் போய் உர்பா பக்கத்தில் குடியேறினார். 2012 நவம்பரில் ராஸ் அல்-ஐன் நகரம் போர்க்களமானது. 2019 ஒக்டோபரில் துருக்கிப் படை உள்ளே வந்தபோது வடகிழக்குச் சிரியாவிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். அவருடைய கஸெட்டுகளில் பெயர் சொல்லி வாழ்த்தப்பட்ட எத்தனை குடும்பங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தனவோ! 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம்மவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். கலியாண அல்பத்தை விட்டுவிட்டு வந்ததற்காக வருடக்கணக்கில் அழுத பெண்களைப் புத்தளத்து முகாம்களில் கண்டவர்களுக்கு, அந்தக் கஸெட் என்ன பெறுமதி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2013 டிசம்பரில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் சமாதானத்துக்கான நோபல் பரிசு இசைவிழாவில் உமர் சுலைமான் பாடினார். அவ்வருடப் பரிசு இரசாயன ஆயுதத் தடை அமைப்புக்கு. அந்த அமைப்பினர் அப்போது அழிக்கப் புறப்பட்டிருந்தது சிரியாவின் நச்சுவாயுக் குண்டுகளை. அதே வருடம் ஓகஸ்ட்டில்தான் டமஸ்கஸுக்கு அருகே கூத்தாவில் உறங்கிய குழந்தைகள் நச்சுவாயுவில் மடிந்தார்கள். அந்தப் பரிசின் விழாவுக்குச் சிரியாவின் கலியாணப் பாடகரை அழைத்தார்கள், அவரும் போய்க் காதல் பாட்டுப் பாடினார். இதைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் வேறு எதைப் பாட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒப்பாரி வைப்பதற்கு அவரை எவரும் ஒருநாளும் கூலிக்குக் கூப்பிட்டதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. கலியாண வீட்டுப் பாட்டு ஒரு வீட்டுக்கு உரியது. யாருக்காகப் பாடுகிறோம் என்பது தெரிந்து பாடுவது. டிக்கட் வாங்கி வருகிற மண்டபத்தில் பெயர் சொல்லி அழைக்க எவரும் இல்லை. மணப்பெண்ணின் உம்மா இல்லை, கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் மாமி இல்லை. காதோடு அடி எடுத்துக் கொடுத்த கவிஞரும் கூட வருவதில்லை. மிஞ்சியது தாளமும் அந்தக் குரலும்தான். அங்கே ஆடுகிறவர்களில் பலர் அதைச் சிரியாவின் துக்கம் என்றோ கிழக்கின் அதிசயம் என்றோ நினைத்துக்கொள்ளக் கூடும். அது யாரோ ஒருவருடைய மகனின் கலியாணம் என்று நினைப்பவர் குறைவு. ஆனாலும், ஊரில் கலியாணப் பந்தல் போட முடியாத வருடங்களில் அந்தக் குடும்பங்களின் அடுப்பு எரிந்தது இந்த டிக்கட் காசில்தான் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. துருக்கியில் அவர் ஒரு பேக்கரி வைத்து இல்லாதவர்களுக்கு இலவசமாக ரொட்டி கொடுத்தார். 2021 நவம்பரில் துருக்கிப் பொலிஸார் அவரைப் பிடித்து விசாரித்து, சில நாட்களில் விட்டுவிட்டார்கள்.

எகிப்திலும் இதே கதைதான், ஆனால் அங்கே பாட்டு ஊரை விட்டுப் போகவில்லை. கெய்ரோவின் ஏழைப் புறநகர்த் தெருக்களில் கலியாணத்துக்குப் பந்தல் போட்டு, கம்ப்யூட்டரில் தாளம் கட்டி இளைஞர்கள் பாடிய பாட்டு 'மஹ்ரகானாத்' என்று நாடு முழுவதும் பரவியது. கீபோர்டை விரலால் அல்லாமல் முஷ்டியாலும் உள்ளங்கையாலும் அடித்து வாசிக்கும் இஸ்லாம் சிப்ஸி என்ற பையன் அந்தத் தெருக் கலியாணங்களிலிருந்தே ஐரோப்பிய மேடைகளுக்கும் போனான். 2020 பெப்ரவரியில் எகிப்திய இசைக்கலைஞர் சங்கம் மஹ்ரகானாத் பாடகர்கள் மேடையேறுவதற்குத் தடை விதித்தது. பாட்டில் மதுவும் கஞ்சாவும் வருகின்றன என்பது சங்கத்தின் குற்றச்சாட்டு. சில பாட்டுகளைப் பற்றி அது உண்மைதான். ஆனால் படித்தவர்களின் மண்டபத்துக்குச் சேரிப் பிள்ளைகள் வந்துவிட்டார்களே என்ற எரிச்சலும் அதில் கலந்திருந்தது என்பது என் எண்ணம்.

ராத்தாவின் மகள் கையிலிருந்த தொலைபேசியில் உமர் சுலைமானின் பாட்டு ஒன்றை வைத்து எனக்கும் கேட்கக் கொடுத்தாள். விடுமுறையில் அவளும் வந்திருந்தாள் என்று சொல்ல மறந்தேன். 2024 இல் வெளிவந்த அவருடைய தொகுப்பின் பெயர் 'அர்பீல்'. வட ஈராக்கில் குர்திகளின் பெருநகரம் அது. இப்போது அங்கேதான் குடியிருக்கிறார் என்றாள். ராஸ் அல்-ஐனிலிருந்து உர்பா, உர்பாவிலிருந்து அர்பீல். "அங்க கலியாண வீடுகளுக்கு அவரக் கூப்புடுறாங்களா மகள்?" என்று ராத்தா கேட்டார். அவள் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.